குழந்தைக்குக் கடவுளைப் பற்றி யார் சொல்லிக்கொடுப்பது? பண்டித ரமாபாய் வாழ்க்கை முழுக்கத் துரத்திய கேள்வி

நீங்கள் விஷ்ராந்த்வாடியிலோ தானோரியிலோ குடியிருக்கும் தமிழர் என்றால், லீவுக்கு ஊருக்குப் போக புனே ஸ்டேஷனில் சென்னை ரயில் ஏறியிருப்பீர்கள். பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, செருப்பைக் கழற்றி, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் ஒரு சின்ன ஸ்டேஷன் ஜன்னல் ஓரமாகக் கடந்து போகும். பெயர் கேட்காவ். புனேயில் இருந்து 60 கி.மீ.கூட இல்லை.

அந்த ஊரில்தான் பண்டித ரமாபாய் தன் கடைசி 25 ஆண்டுகளைக் கழித்தார். பஞ்சத்தில் அநாதையான பெண்களையும், துரத்திவிடப்பட்ட விதவைகளையும் நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து வளர்த்தது அங்கேதான். அவர் தொடங்கிய முக்தி மிஷன் இன்றும் அங்கே இயங்குகிறது.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவரை ஒற்றை வரியில் பார்த்திருப்பீர்கள்: சமூக சீர்திருத்தவாதி, விதவைகளுக்காகப் பாடுபட்டவர். அது சரிதான். ஆனால், இன்று உங்கள் வீட்டிலும் நண்பர்கள் வட்டத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விவாதத்தை அவர் 140 வருடத்துக்கு முன்பே வாழ்ந்து பார்த்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? நம்முடைய நம்பிக்கையை எந்த வயதில், எவ்வளவு சொல்லிக்கொடுப்பது? அதை முடிவு செய்வது அம்மாவா, சபையா, ஊரா?

ரமாபாய் பள்ளிக்கூடமே போகாமல் அம்மாவிடம் படித்தவர். பிறகு தானே தாயாகி, தன் மகளுக்கு யார் கடவுளைச் சொல்லிக்கொடுப்பது என்பதற்காகச் சொந்த ஞானத்தாயோடு மல்லுக்கு நின்றவர். அதற்கும் பிறகு, மற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தன் மதத்தைச் சொல்லிக்கொடுத்தார் என்று புனே நகரமே அவர் மீது குற்றம் சாட்டியது. ஒரே கேள்வியின் 3 பக்கத்திலும் நின்றவர் அவர். அதனால்தான் இந்தக் கதை.

விதை விழுந்தது புனேயில்

கதை ரமாபாய் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, பேஷ்வா காலத்துப் புனேயில் ஆரம்பிக்கிறது.

அனந்த சாஸ்திரி டோங்ரே என்ற இளைஞர் சமஸ்கிருதம் படிக்க அங்கே வந்திருந்தார். அவருடைய குரு அரண்மனைக்குப் போய், கடைசி பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் மனைவிக்குப் பாடம் நடத்துபவர். குருவோடு போன அனந்த சாஸ்திரி, ஒரு பெண் சமஸ்கிருத சுலோகம் சொல்வதை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டார். பெண்ணுக்கு சமஸ்கிருதம் வருமா என்றே யாரும் கேட்காத காலம் அது. தன் மனைவிக்கும் கற்றுக்கொடுப்பது என்று அன்றே முடிவு செய்தார்.

முதல் முயற்சி தோற்றது. வீட்டுப் பெரியவர்கள் விடவில்லை. அந்த மனைவி இறந்த பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில் லட்சுமிபாயை மணந்தார். பெண்ணுக்கு வயது 9. இன்று கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப்போடும்; அன்றைக்கு அது வழக்கம். இந்தச் சிறுமிக்கு அவர் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் ஊர் கொதித்தது. உடுப்பியில் பண்டிதர்கள் சபை கூட்டி விளக்கம் கேட்டார்கள். சாஸ்திரங்களில் இருந்தே ஆதாரம் எடுத்துக் காட்டி, வேதம் தவிர மற்றதைப் பெண்கள் படிக்கத் தடை இல்லை என்று அவர் வாதாடினார்.

சபை அவரைச் சாதியில் இருந்து விலக்கவில்லை. ஆனாலும் ஊர் அவரை நிம்மதியாக விடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள், கங்காமூலா என்ற இடத்தில் குடிசை போட்டுக் குடியேறினார். மாணவர்கள் தேடி வந்து தங்கிப் படித்தார்கள். அங்கேதான் 1858 ஏப்ரல் 23 அன்று கடைக்குட்டியாக ரமா பிறந்தார்.

நடந்துகொண்டே படித்த பெண்

ரமாவுக்கு 6 மாதம் இருக்கும்போது குடும்பம் காட்டைவிட்டுக் கிளம்பியது. விருந்தும் தானமுமாகக் கையில் இருந்த சொத்து கரைந்திருந்தது. கைக்குழந்தையை ஒரு பிரம்புக் கூடையில் வைத்து, கூலியாள் தலையில் சுமந்து வந்தார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு நிலையான வீடு என்று ஒன்று இருக்கவில்லை. கோயில் கோயிலாகப் போவார்கள். மண்டபத்தில் உட்கார்ந்து புராணம் வாசிப்பார்கள். கேட்பவர்கள் வைக்கும் அரிசியும் காசும்தான் வருமானம்.

ஆளந்தியில் இருந்து ஞானேஸ்வரர் பல்லக்கு விஷ்ராந்த்வாடி வழியாகப் போகும்போது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சில வாரங்களில் வீடு திரும்பிவிடுவார்கள். ரமாவின் குடும்பம் அப்படியே வருடக்கணக்கில் நடந்தது.

அப்பாவுக்கு வயதாகிவிட்டதால் ரமாவுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு அம்மா லட்சுமிபாயிடம் வந்தது. 8 வயதில் இருந்து 15 வயது வரை அம்மாதான் ஆசிரியை. பொழுது விடியும் முன்பு, சமையலும் மற்ற வேலைகளும் ஆரம்பிக்கும் முன்பு, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையை மடியில் எடுத்து, கொஞ்சி எழுப்பிப் பாடம். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பது குறைவு. காதால் கேட்டு, திருப்பிச் சொல்லி, மனதில் ஏற்றுவதுதான் முறை. 12 வயதில் பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்கள் ரமாவின் நாக்கில் இருந்தன.

இன்னொரு முடிவையும் பெற்றோர் எடுத்தார்கள். மூத்த மகளுக்குச் சின்ன வயதில் செய்த கல்யாணம் நன்றாக அமையவில்லை. அதனால் ரமாவுக்குச் சிறுவயதுக் கல்யாணம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவருக்குப் படிக்க அவ்வளவு வருடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டுப்படிப்பு கைகொடுக்காத இடம்

இதுவரை படித்தால், வீட்டுக்கல்விக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

பெற்றோர் பிள்ளைகளுக்கு சாஸ்திரத்தைக் கொடுத்தார்கள், உலகத்தைக் கொடுக்கவில்லை. ஆங்கிலம் வேண்டாம், அரசாங்கப் படிப்பு வேண்டாம், அது நம் மதத்துக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். கூலி வேலை செய்வதும் சாதிக்கு இழுக்கு. 1870-களின் முற்பாதியில் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது, புராணம் கேட்க ஆளில்லை. கேட்டாலும் கொடுக்க அரிசி இல்லை. பாத்திரம், நகை எல்லாம் விற்றுத் தின்றார்கள். பிச்சை கேட்க வாய் வரவில்லை, வேலை தெரியவில்லை.

திருப்பதி மலைப் பக்கம் வந்து, கடைசி அரிசியும் தீர்ந்த பிறகு, காட்டுக்குள் போய்ச் செத்துவிடலாம் என்று குடும்பமே முடிவெடுத்த நாட்களும் உண்டு. 1874-ல் அப்பா இறந்தார். சில வாரங்களில் ராய்ச்சூரில் அம்மா போனார். கடைசி நாட்களில் அம்மா ஒரு துண்டு ரொட்டி கேட்க, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்ற ரமாவுக்குக் கேட்க வார்த்தை வரவில்லை; முகத்தைப் பார்த்தே அந்த வீட்டுப் பெண் கொடுத்தார். பாடை தூக்க 4 பேர் சேரவில்லை. இரண்டு பிராமணர்கள் இரக்கப்பட்டு வந்தார்கள். மூன்றாவது ஆள் அண்ணன் ஸ்ரீநிவாஸ். நான்காவது ரமா. உயரம் போதாததால் அவர் தோளில் தூக்க முடியவில்லை, தலையில் தாங்கிக்கொண்டு நடந்தார். அதன் பிறகு அக்காவும் இறந்தார்.

ரமாபாய் தன் பெற்றோரைக் கடைசி வரை நேசித்தார். ஆனால் அவர்கள் கொடுத்த படிப்பில் இருந்த இந்த ஓட்டையை அவர் மறக்கவே இல்லை. பின்னாளில் அவர் நடத்திய எல்லா விடுதியிலும் படிப்போடு ஒரு கைத்தொழில் கட்டாயம். அதற்கான காரணம் இந்தப் பஞ்ச நாட்களில் இருக்கிறது.

பண்டிதை, மனைவி, தாய், விதவை: 4 வருடத்தில்

அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான மைல் நடந்து, 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். 20 வயதுப் பெண் சமஸ்கிருதத்தில் சரளமாகப் பேசுவதைக் கேட்டு அங்கிருந்த அறிஞர்கள் அசந்துபோனார்கள். பரீட்சித்துப் பார்த்துவிட்டு ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்று பட்டம் கொடுத்தார்கள். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் அவர் கையில் ஒரு வேத நூலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பெண் வேதம் படிக்கக்கூடாது என்று நம்பி வளர்ந்தவருக்கு அது ஒரு அதிர்ச்சி. படிக்கப் படிக்க, சின்ன வயதில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டவை ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன.

1880-ல் அண்ணன் இறந்தார். அதே வருடம் வங்காள வக்கீல் பிபின் பிஹாரி தாஸ் மேதாவியை மணந்தார். வேறு சாதி, வேறு மொழி, சடங்கு இல்லாத பதிவுத் திருமணம். இரண்டு பக்கமும் உறவு அறுந்தது. அஸ்ஸாம் பக்கம் சில்சாரில் குடித்தனம். 1881 ஏப்ரலில் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவர் காலராவில் போய்விட்டார்.

அப்போது ரமாபாய்க்கு 23 வயது. கையில் 10 மாதக் குழந்தை. பெற்றோர் இல்லை, அண்ணன் இல்லை, புகுந்த வீடு இல்லை.

அவர் புனேக்கு வந்தார். சில மாதங்களில் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். பெண்களுக்காக ‘ஸ்திரீ தர்ம நீதி’ என்ற மராத்தி நூலை எழுதினார். அதே 1882-ல் ஹண்டர் கல்விக் கமிஷன் புனே வந்தபோது அதன் முன் நேரில் சாட்சியம் சொன்னார். பெண் ஆசிரியைகளுக்குப் பயிற்சி வேண்டும், பள்ளிகளைப் பார்வையிடப் பெண் அதிகாரிகள் வேண்டும், பெண் டாக்டர்கள் வேண்டும் என்பது அவர் வாதம். வீட்டில் அம்மாவிடம் படித்த பெண், எல்லாப் பெண்ணுக்கும் அப்படி ஒரு அம்மா வாய்ப்பதில்லை என்று தெரிந்துகொண்டு, அரசாங்கத்திடம் பள்ளி கேட்டார்.

இங்கிலாந்தில்: பிள்ளை யாருடையது?

டாக்டராக வேண்டும் என்று 1883-ல் மகளோடு இங்கிலாந்து கப்பல் ஏறினார். காது சரியாகக் கேட்காமல் போனதால் மருத்துவப் படிப்பு கனவாகவே நின்றது. வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் சபைக் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் தங்கினார். ஒழுக்கம் தவறியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்களை அந்தச் சகோதரிகள் பராமரித்ததைப் பார்த்தது அவர் மனதைத் தொட்டது. 1883 செப்டம்பர் 29 அன்று தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானத்தாயாக நின்றவர் சகோதரி ஜெரால்டின்.

சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ரமாபாய் கிறிஸ்துவை ஏற்றார். ஆனால் சபை சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்கவில்லை. திரித்துவக் கோட்பாட்டில் அவருக்குக் கேள்விகள் இருந்தன, கேட்டார். சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, இந்தியருக்குப் புரியும் சமஸ்கிருதம் இருக்கக்கூடாதா என்று கேட்டார். முட்டை கலந்த இனிப்பைத் தொடமாட்டேன் என்றார். அது சாதிப் பெருமையின் மிச்சம் என்று ஜெரால்டின் கண்டித்தபோதும் தன் சைவச் சாப்பாட்டை விடவில்லை. செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டு ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் படித்தார். ஆண்களுக்கும் அவர் வகுப்பு எடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது, இந்தியாவில் இருந்த பிஷப்புகள் கூடாது என்றார்கள்.

இதில் எல்லாவற்றையும்விடச் சூடான விஷயம் குட்டி மனோரமா. அம்மா செல்டன்ஹாமில் படிக்க, பிள்ளை வாண்டேஜில் சகோதரிகளிடம் வளர்ந்தாள். ஜெரால்டினுக்கு அந்தக் குழந்தை மீது உயிர். அவளைச் சபையின் முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல் வளர்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. தனக்கே விளங்காத கோட்பாடுகளை நாலு வயதுப் பிள்ளையின் மனதில் பதியவைக்க வேண்டாம் என்பது ரமாபாயின் நிலை. மகள் ஆங்கிலேயப் பெண்ணாக வளர்வதையும் அவர் விரும்பவில்லை; தன் மக்களைப் பார்த்துக் கூச்சப்படாத இந்தியப் பெண்ணாக வளரவேண்டும். தாயாக முடிவெடுக்கும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சோறு போட்டதும், தங்க இடம் கொடுத்ததும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டதும் அந்த மடம். அதையே நம்பியிருக்கும் ஒரு இளம் விதவைதான் இந்தப் பேச்சைப் பேசினார். நன்றி வேறு, பிள்ளை வளர்ப்பு வேறு என்று அவர் பிரித்து வைத்தார். நம்பிக்கையைக் கைவிடவும் இல்லை.

1886-ல் அமெரிக்கா போனார். டாக்டர் பட்டம் பெறும் உறவுக்காரப் பெண் ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்புக்கு வந்தவர், இரண்டு வருடத்துக்கு மேல் தங்கினார். ஊர் ஊராகப் பேசினார். 1887-ல் வந்த அவருடைய ஆங்கில நூல், உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையை அமெரிக்கர்களுக்குச் சொன்னது. அதே வருடக் கடைசியில் பாஸ்டனில் ரமாபாய் சங்கம் உருவாகி, 10 வருடத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. கைவேலையும் விளையாட்டும் கலந்த கிண்டர்கார்டன் முறையை அங்கேதான் கற்றுக்கொண்டார். ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. மனோரமாவை அவர் மறுபடியும் வாண்டேஜுக்கே அனுப்பவேண்டி வந்தது. வேலைக்காகப் பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வீடியோ காலில் பார்க்கும் உங்களில் சிலருக்கு அந்த வலி புரியும். அவருக்கு இருந்தது வாரக்கணக்கில் கப்பலில் போகும் கடிதம் மட்டும்.

புனே, 1893: திறந்திருந்த ஒரு கதவு

1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதன் திறந்தது. உயர்சாதி விதவைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. முதல் விதவை மாணவி கோதுபாய். 1890-ல் பள்ளி புனேக்கு மாறியது.

விதி தெளிவாக எழுதப்பட்டிருந்தது: இங்கே மதம் கற்பிக்கப்படாது. இந்துப் பெண்கள் தங்கள் வழக்கப்படி சமைத்து, பூஜை செய்து இருக்கலாம். நீதிபதி ரானடே, பண்டர்கர் போன்ற புனேயின் பெரிய மனிதர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள்.

ரமாபாய் தன் அறையில் மகளோடு உட்கார்ந்து பைபிள் வாசித்து ஜெபம் செய்வார். தன் வீட்டில், தன் மகளுக்கு. அந்த அறையின் கதவைச் சாத்துவதில்லை. அவரை அம்மாவாகப் பார்த்த சில பெண்கள் மெதுவாக உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். வா என்று அவர் அழைக்கவில்லை. போ என்று சொல்லவும் இல்லை.

1893-ல் விஷயம் வெடித்தது. திலகரின் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கியது. கல்வி என்ற பெயரில் மதமாற்றம் என்று நகரம் பேசியது. ஆலோசகர்கள் விலகினார்கள். 20-க்கும் மேற்பட்ட பெண்களை வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

யார் பக்கம் நியாயம்? நீங்களே யோசித்துப் பாருங்கள். சொந்த மகளோடு ஜெபிக்க அவர் ஏன் கதவைச் சாத்தவேண்டும்? ஒரு தாயின் நம்பிக்கையை ஒளித்து வைக்கச் சொல்வது நியாயமா? அது அவர் பக்கம். ஆனால் மறுபக்கமும் லேசானது இல்லை. போக்கிடம் இல்லாத, வயதில் சின்னப் பெண்கள். அவர்கள் உலகத்தில் அன்பு காட்டியவர் ஒரே ஒருவர். அவர் என்ன கும்பிடுகிறாரோ அதைக் கும்பிடத்தான் அவர்கள் மனம் போகும். வாண்டேஜில் ஜெரால்டின் மனோரமா மீது காட்டிய அன்பும் அப்படித்தானே இருந்தது? அன்று ரமாபாய் தாயாக எதிர்த்ததை, இன்று இந்தப் பெண்களின் வீட்டார் எதிர்த்தார்கள். ஆனால் அந்த வீட்டாரில் பலர் அந்தப் பெண்களைத் தலையை மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்தவர்கள் என்பதும் உண்மை.

அந்தப் பள்ளி மூடவில்லை. முதல் மாணவி கோதுபாய் மதம் மாறவும் இல்லை. 1893-ல் தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்து ஆனந்திபாய் கார்வே ஆனார். கார்வே 1896-ல் விதவைகளுக்கான இல்லத்தையும், 1916-ல் பெண்களுக்கான பல்கலைக்கழகத்தையும் தொடங்கினார். புனேயில் கார்வே நகர், கார்வே ரோடு வழியாக நீங்கள் ஆபீஸ் போகும்போது, அந்தக் கதையின் ஒரு நுனி சாரதா சதனில் இருக்கிறது.

கேட்காவ்: போர்டு மாட்டிய நம்பிக்கை

1896-97-ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம். ரமாபாய்க்கு ராய்ச்சூர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நேரில் போய், சுமார் 300 பெண்களை அழைத்துக்கொண்டு வந்தார். புனேயில் பிளேக் பரவி, அத்தனை பேரை நகரத்தில் வைக்க அரசு விடவில்லை. ஏற்கெனவே கேட்காவில் வாங்கிப்போட்டிருந்த நிலத்துக்கு எல்லோரையும் கொண்டுபோனார். பிளேக் முகாம்களில் பெண்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றி ஆங்கில அரசையே பத்திரிகையில் கண்டித்து எழுதினார்.

1900-ல் குஜராத் பஞ்சம். கேட்காவில் இருந்தவர்கள் எண்ணிக்கை 2,000-ஐ நெருங்கியது. படிப்பு, ஆசிரியைப் பயிற்சி, நெசவு, எண்ணெய்ச் செக்கு, பால் பண்ணை, விவசாயம், அச்சகம் என்று ஒரு ஊரே எழுந்தது. ஏமாற்றப்பட்ட பெண்களுக்கு கிருபா சதன், வயதானவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் பிரீதி சதன், பார்வையற்றவர்களுக்குத் தனி இல்லம். ஆங்கிலம் தெரியாமல் பட்டினி கிடந்தவர், ஒரு பெண்கூடத் தொழில் தெரியாமல் வெளியே போகக்கூடாது என்று பார்த்துக்கொண்டார்.

1898-ல் பாஸ்டன் சங்கத்தின் 10 வருட ஒப்பந்தம் முடிந்ததும், மத நடுநிலை என்ற பேச்சை விட்டுவிட்டார். முக்தி ஒரு கிறிஸ்தவ இல்லம் என்று வெளிப்படையாக அறிவித்தே நடத்தினார். 1905-ல் அங்கே நடந்த எழுப்புதல் கூட்டங்களைப் பற்றி இன்றும் பெந்தெகொஸ்தே சபைகளில் பேசுகிறார்கள். உயிரைக் காப்பாற்றிவிட்டு மதத்தையும் கொடுத்தது சரியா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அவரை மதிப்பவர்களும் தள்ளிவிட முடியாத கேள்வி அது. 1893-ஐவிட இதில் ஒரு நேர்மை இருந்தது என்று மட்டும் சொல்லலாம்: இங்கே கதவு திறந்திருக்கிறது என்பதை வாசலிலேயே எழுதி வைத்துவிட்டார்.

மனோரமா என்ன ஆனாள்?

இவ்வளவு இழுபறிக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்கத் தோன்றும்.

மனோரமா அம்மாவிடம் திரும்பி வந்தாள். அமெரிக்காவிலும் போய்ப் படித்தாள். பிரெயில் கற்றுக்கொண்டு வந்து கேட்காவில் பார்வையற்ற பெண்களுக்குப் பாடம் நடத்தினார். சாரதா சதன் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். குல்பர்காவில் பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்க முன்னின்றார். இங்கிலாந்தில் எந்தக் கோட்பாட்டுக்காக இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டார்களோ, அதைத் தாண்டி அந்தப் பிள்ளை அம்மாவின் வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்தே அவர் கற்றது அதிகம்.

ரமாபாய் தனக்குப் பிறகு எல்லாவற்றையும் மகள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருந்தார். 1921 ஜூலையில், 40 வயதில், மனோரமா இறந்தார். தாய் அதற்குப் பிறகு 9 மாதம்கூட இல்லை.

அந்த மாதங்களிலும் அவர் ஒரு வேலையை விடவில்லை. ஹீப்ரு, கிரேக்கம் மூலத்தில் இருந்து பைபிளை மராத்தியில் மொழிபெயர்க்கும் வேலை. பண்டித மொழி வேண்டாம், அடுப்படியில் இருக்கும் பெண்ணுக்குப் புரியவேண்டும் என்பதே நோக்கம். எழுத்துக் கோத்ததும் அச்சடித்ததும் முக்தியின் பெண்கள். 1922 ஏப்ரல் 5 அன்று அவர் இறந்தார். முழு நூல் 1924-ல் வெளிவந்தது. நாக்கில் 18,000 சுலோகம் ஏற்றிவிட்ட தாயின் மகள், கடைசியாகச் செய்ததும் ஒரு நூலை எளிய பெண்களின் நாக்குக்குக் கொண்டுவந்ததுதான்.

இன்று வீட்டுக்கல்வி என்றால்?

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டுக்கல்விக்கு என்று அதில் தனிப் பிரிவு கிடையாது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளில் பலர் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகத் தேர்வு எழுதுகிறார்கள். 3, 5, 8-ம் வகுப்புக்கு இணையான நிலைகள் அதில் உண்டு. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதலாம்.

சான்றிதழுக்கு வழி இருக்கிறது. ஆனால் ரமாபாய் கதை கேட்பது வேறு கேள்விகள். நாம் வீட்டில் சொல்லிக்கொடுப்பது, நாம் இல்லாத நாளில் பிள்ளைக்குச் சோறு போடுமா? நம்முடைய கடவுளைக் காட்டும்போது, கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கிறோமா? நம் பிள்ளை விஷயத்தில் யாரும் தலையிடக்கூடாது என்கிற நாம், அடுத்தவர் பிள்ளை நம் வீட்டு வாசலில் நிற்கும்போது அதே அளவுகோலை வைத்திருக்கிறோமா?

இந்த மூன்றில் முதல் கேள்விக்கு அவர் தெளிவாகப் பதில் சொன்னார். இரண்டாவதற்கு வாண்டேஜில் போராடினார். மூன்றாவது அவரையும் சங்கடப்படுத்திய கேள்வி, நம்மையும் விடப்போவதில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஜன்னல் சீட்டு கிடைத்தால் பாருங்கள். கேட்காவ் முதலில் வரும். பிறகு குல்பர்கா, இப்போது போர்டில் கலபுரகி என்று இருக்கும், மனோரமா பள்ளி தொடங்கிய ஊர். ராத்திரியில் ராய்ச்சூர், அம்மாவின் பாடையைத் தலையில் தாங்கிய ஊர். விடியும்போது ரேணிகுண்டா, திருப்பதி மலை தெரியும் பக்கம். அந்தக் குடும்பம் நடந்தே வந்த தூரம் இது. பக்கத்து சீட்டில் யாராவது ஒரு அம்மா பிள்ளைக்குப் பாட்டோ ஜெபமோ வாய்ப்பாடோ சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தால், கொஞ்ச நேரம் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.